கொலுவில் முளைத்த நாற்பத்தொன்று

சப்தமி அன்று மாலை ஆறேகால் மணிக்கு, எதிர் ஃபிளாட் கோமதி வீட்டுக் கூடத்தில், ஏழு படிக் கொலுவுக்கு முன்னால் நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். வலது பக்கம் ஐஸ் பெட்டியோடு நிவேதா. பின்னால், சுண்டலுக்கு வந்த நான்கு பெண்கள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்பாள் எதிர்க்க கத்தரிக்கோலை நீட்டறயே ஜானகி," என்றாள் கோமதி. "அவ என்ன நெனச்சுப்பா?"

கத்தரிக்கோலை நான் அம்பாளை நோக்கி நீட்டவில்லை. கீழ்ப்படிக்கும் கீழே, தரையில், மண் பரப்பிய ஒரு பெரிய தாம்பாளத்தில் கோமதி போட்டிருந்த பூங்காவை நோக்கித்தான் நீட்டியிருந்தேன். கண்ணாடித் துண்டால் ஒரு குளம். அதைச் சுற்றிக் கடுகும் வெந்தயமும் முளைத்த புல்வெளி. குளக்கரையில் மட்டும் கொஞ்சம் உயரமாக, வெளிறிய பச்சையில், ஒல்லி ஒல்லியாகச் சில நாற்றுகள். முந்தைய இரண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்தவை அவைதான்.

இது எந்த வருஷம் என்று எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார். "போன வாரம் மட்டும் பதினேழு தேதி வந்திருக்கிறது அம்மா. வாசகர்கள் என்ன பரீட்சைக்கா படிக்கிறார்கள்?" என்று கேட்டார். ஆகவே, சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு நவராத்திரி. திதியையும் மணியையும் மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுவும் இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

பொறுமையுள்ளவர் தேவை

ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பத்தாவது மாதம், அடையாறு பக்கம் ஒரு நூலகத்தின் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது. அருகிலிருந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் விதைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற, 'பொறுமையுள்ளவர் தேவை' என்று எழுதியிருந்தது. வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை. மறுநாளே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருந்தவள் நிவேதா. முப்பது வயது. திருநெல்வேலிக்காரி, பாலவாக்கத்தில் குடியிருந்தாள். அவள் ஆராய்ந்த பயிர் மைசூர் பருப்பு. வடக்கே பல ஊர்களிலிருந்து வந்த தொண்ணூற்றைந்து விதைத் தொகுதிகள், தொண்ணூற்றைந்து பழுப்புக் காகித உறைகளில், எண் போட்டு அலமாரியில் நின்றன. யார் கொடுத்தார்கள், எந்தக் கிராமம், எந்த மாதம் அறுத்தது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் இல்லை. அறுத்த மாதமே இல்லாத ஒரு விதையோடு மனிதர் எப்படி வேலை செய்வது? சிரத்தையாகக் கடிதம் எழுதிக் கேட்டு, ஒவ்வொன்றாக நிரப்பினேன்.

முழு மைசூர் பருப்பைத் தோலோடு பார்த்தால் நம்மில் பலருக்கு அடையாளம் தெரியாது. பழுப்பாக, தட்டையாக, பொம்மைச் சட்டைக்குத் தைக்கிற பித்தான் மாதிரி இருக்கும். தோலை உரித்தால்தான் கடையில் பார்க்கிற அந்த ஆரஞ்சு நிறம். என் மாமியார் இருந்தவரை அது எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. காரணம் கேட்டால் "வழக்கமில்லை" என்பார். அதற்குமேல் கேட்டால் "வழக்கமில்லைன்னா வழக்கமில்லை" என்பார். வடக்கே குளிர்காலத்தில் விளைகிற பருப்புக்கு மைசூர் எப்படிப் பெயராக வந்தது என்று நான் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன். இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எழுதலாம்.

பெயர் நாலு, பெட்டி ஒன்று

நிவேதாவின் கேள்வி எளிமையானது. இந்தத் தொண்ணூற்றைந்தும் நிஜமாகவே தொண்ணூற்றைந்தா?

இதை எனக்கு அவள் விளக்கத் தொடங்கியபோது நான் பாதியில் நிறுத்தினேன். எனக்கு இது பழக்கமான கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ரயில் தாமதமானால் அதனால் வேறு எவையெல்லாம் தாமதமாகும் என்று தொகுக்கச் சொன்னார்கள். அட்டவணையில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு எண், ஒரு பெருமை. பெட்டிகளின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் கதை வேறு. காலையில் ஒரு பெயரில் வந்து சேர்ந்த அதே பெட்டிகள், கழுவித் துடைத்து, மாலையில் இன்னொரு பெயரில் கிளம்பும். மறுநாள் வேறொரு பெயர். அந்தப் பெட்டித் தொடரில் ஒரு சக்கரம் சூடானால் நான்கு பெயர்கள் சேர்ந்து நிற்கும்.

"அதேதான் மேடம்," என்றாள் நிவேதா. வெவ்வேறு பெயரில் பயிராகிறவை உள்ளுக்குள் ஒன்றாகவே இருந்தால், ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடும். புது ரகம் உண்டாக்குகிறவர் நெருங்கிய உறவுகளையே மகரந்தம் சேர்த்து ஒட்டினால் புதிதாக எதுவும் கிடைக்காது. தூரத்து உறவு வேண்டும். எது தூரம், எது கிட்டம் என்பது விதையின் முகத்தில் எழுதியிராது. இளம் இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட சில இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலை முடிந்ததும் ஒரு பட்டியல் வடக்கே பயிர்ப் பண்ணைக்குப் போகும். அங்கேயும் இதே விதைகளில் ஒரு பங்கு உண்டு. பட்டியலில் இருப்பவை மட்டும் அந்தக் குளிர்காலத்தில் ஒட்டுக்காக விதைக்கப்படும்.

இதில் நிவேதாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அதன் எண் நாற்பத்தொன்று.

அதை அவளே ஒரு மலைக்கிராமத்துக்கு ஏறிப் போய் வாங்கி வந்திருந்தாள். அங்கே ஒரு பெண்மணி அதை மற்ற விதையோடு கலக்காமல் தனிப் பானையில் வைத்திருந்தாராம். இது வேறு குடும்பம் என்று நிவேதா அடித்துச் சொன்னாள். அவளுடைய துறைத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சுற்றுவட்டாரமெங்கும் பயிராவது ஐம்பத்தெட்டாம் எண் ரகம், அதுதான் மலையேறி வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. "இவ்வளவு நிச்சயமாக இருப்பவர்கள் ஆராய்ச்சி எதற்குச் செய்ய வேண்டும்?" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

கொள்ளு மாதிரி இருந்தது

பஞ்சமி அன்று காலை எட்டு ஐம்பதுக்கு நிவேதா கூப்பிட்டாள். முளைக்கப் போட்டதில் மற்ற தொண்ணூற்று நான்கிலும் இலை எடுத்தாகிவிட்டது. நாற்பத்தொன்று மட்டும் பிந்தி முளைத்ததால் இன்னும் சில நாள் விட்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்த அந்தக் கோப்பையை அணில் தின்றுவிட்டது. தண்டுகூட மிச்சமில்லை. சுற்றிலும் அத்தனை கோப்பை இருக்க, அது ஒன்றை மட்டும்.

"அணிலுக்குக்கூட வித்தியாசம் தெரிஞ்சிருக்கு மேடம்," என்றாள். சிரிக்க முயன்ற குரல்.

அவளுக்கு அவசரம். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள ஒரு தட்டில் எல்லா மாதிரிகளையும் நிரப்பி, ஒரு குழியைச் சோதனைக்காகக் காலியாக விட்டு, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அஷ்டமி மாலைக்குள் தட்டை மூடியாக வேண்டும். மறுநாள் ஆயுத பூஜை. அந்த ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள், ஒரு பொத்தானைத் தொடக் கூடாது. தசமிக்கு மறுநாள் அதிகாலையில் கூரியர். வடக்கிலிருந்து விதையை வரவழைக்க நேரமில்லை. குழி காலியாகப் போனால் நாற்பத்தொன்று பட்டியலில் இல்லை, துறைத் தலைவர் சொன்னதே நிற்கும்.

"ரிசர்வ் விதை உங்ககிட்டதானே இருக்கு? ரெண்டு நாள் ஊறவெச்சு முளையையாவது எடுத்துப் பாக்கறேன்."

என்னிடம்தான் இருந்தது. விதையின் சராசரி எடை பார்ப்பதற்காக, சில தொகுதிகளின் இருப்பு விதையை வீட்டுக்கு எடுத்துவந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் பேச்சுச் சத்தம், எண்ணிக்கை தப்பும். 'வெளியே' என்ற பத்தியில் கையெழுத்துப் போட்டவள் நான். ஹோமியோபதி மாத்திரை வருகிற கண்ணாடிக் குப்பிகளில், எண் ஒட்டி, ஃப்ரிட்ஜின் மேல் வரிசையாக வைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் இரண்டு குப்பிகள் இல்லை. ஒன்று நாற்பத்தொன்று. இன்னொன்று, வேறு எதுவாக இருந்திருக்கக் கூடாதோ அது. ஐம்பத்தெட்டு.

"ஏன்னா," என்று என் கணவரைக் கூப்பிட்டேன். "இங்க ரெண்டு குப்பி இருந்ததே?"

அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. "அமாவாசை அன்னிக்குக் கோமதி வந்தா. பார்க்ல குளக்கரைக்கு உயரமா வளர்றாப்ல ஏதாவது இருக்கான்னா. கொள்ளு மாதிரி இருந்தது, எடுத்துக் குடுத்தேன்."

"கொள்ளுக்கு யாராவது நம்பர் போட்டு வெப்பாளா?"

"நீ ஆணிக்கே நம்பர் போட்டுன்னா வெச்சிருக்கே?"

இது உண்மை. எங்கள் வீட்டில் ஆணிகள் நீளவாரியாக, எண்ணிட்ட டப்பாக்களில் இருக்கின்றன.

நிவேதாவைத் திரும்பக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்ப போட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அமாவாசை காலை பத்தரை."

"அப்ப இன்னைக்கு ஆறாம் நாள்." அவள் குரல் மாறியது. "முளைச்சிருக்கா, போய்ப் பாருங்க மேடம். எதையும் தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க."

செருப்புகூட மாட்டாமல் எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினேன். முளைத்திருந்தன. முப்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன். ஆனால் கோமதி குளக்கரைக்காக இரண்டு குப்பிகளையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்து தூவியிருந்தாள். எது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

அது என்ன பருப்பு என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டிலும் வழக்கமில்லை. கொலுவை ஒரு பார்வை பார்த்தாள், தாம்பாளத்தை ஒரு பார்வை பார்த்தாள். "சமைச்சாத்தானே தோஷம். நான் பயிர்னா வெச்சிருக்கேன்," என்று தனக்குத்தானே தீர்ப்பளித்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தசமி வரை கொலுவிலிருந்து ஒரு துரும்பையும் பிடுங்கக் கூடாது.

பிடுங்க வேண்டாம், செடிக்கு இரண்டு இலை போதும் என்றாள் நிவேதா. இலை விரிய இன்னும் இரண்டு நாள் தேவை என்றும் சொன்னாள்.

விக்கெட் கீப்பருக்குப் பின்னால்

கொலுப் பூங்காவில் என்னென்ன வைப்பது என்பதற்கு மயிலாப்பூரில் இலக்கணம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வருஷம் விமான நிலையம் வைத்தார்கள், ஓடுபாதை முழுக்க வெந்தயக் கீரை. நான் இருபது வயதில் வைத்த பூங்காவில் ரயில் நிலையம் இருந்தது. கடிகாரம் ஓடுகிற கடிகாரம். அதைப் பார்த்துவிட்டுப் போன பையன் வீட்டார்தான் பிறகு என் மாமியார் வீட்டார். பெண் நேரம் தவற மாட்டாள் என்று பேசிக்கொண்டார்களாம்.

சப்தமி மாலை அடையாறிலிருந்து நிவேதாவை ஆட்டோவில் அழைத்துவந்தேன். மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடை, நகர முடியவில்லை. ஆட்டோக்காரருக்கு ஐஸ் பெட்டியின் மேல் கண்.

"இன்னாம்மா கீது பொட்டில? குல்பியா?"

"வெறும் ஐஸ்தாண்ணா. இலை எடுக்கப் போறோம்," என்றாள் நிவேதா.

"இலைக்கா ஐஸ் பொட்டி எத்துகினு போறீங்க? எங்க வூட்டாண்ட கருவேப்பில கேட்பாரில்லாம காஞ்சிக்கினு கீது."

அவள் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கூடத்து மூலையில் வெயில் படாமல் வளர்ந்ததால் நாற்றுகள் நெடுநெடுவென்று, ரத்தசோகை பிடித்த மாதிரி இருந்தன. நான் அதற்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். நிவேதா தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு மேடம்," என்றாள். வெயிலில் நன்கு பச்சை ஏறிய இலையில் மாவும் பிசினும் சேர்ந்துகொள்ளும், இருட்டில் வெளிறி வளர்ந்ததில்தான் டி.என்.ஏ. சுத்தமாக வரும் என்றாள். ஆய்வுக்கூடத்தில் இதற்காகவே செடியைக் கறுப்புத் துணி போட்டு மூடுவது உண்டாம்.

ஒரே நாளில் எட்டு செடிகளுக்கு மேல் அவளால் அரைத்துப் பார்க்க முடியாது. குளத்தின் எல்லாப் பக்கமும் வருமாறு எட்டைத் தேர்ந்தெடுத்தோம். இலை எடுத்த செடியைப் பிறகு அடையாளம் காண வேண்டும். அடையாளக் கொடி நட கோமதி விடவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் பக்கத்துப் பொம்மையை வைத்துக் குறித்துக்கொண்டேன். ஒன்று, செட்டியாருக்கு வலது. இரண்டு, விக்கெட் கீப்பருக்குப் பின்னால். மூன்று, வாத்து. இப்படி எட்டு. நான் வெட்ட, நிவேதா சின்னஞ்சிறு குழாய்களில் பிடித்து ஐஸில் செருகினாள். சுண்டல் பெண்கள் நிறுத்திய பாட்டை அனுபல்லவியிலிருந்து தொடங்கினார்கள்.

செட்டியாருக்கு வலது

அஷ்டமி அன்று காலை ஏழு மணியிலிருந்து நிவேதா அரைத்தாள், சுழற்றினாள், சூடாக்கினாள், குளிர்வித்தாள். எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்திருந்தேன். குற்றவாளி நீதிமன்றத்தில் இருப்பதுதான் முறை.

யோசனை இதுதான். ஐம்பத்தெட்டின் டி.என்.ஏ. சரக்கு ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்து எட்டையும் ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகிறவை ஐம்பத்தெட்டு. ஒத்துப்போகாதவை, கலந்தது இரண்டே குப்பிகள் என்பதால், நாற்பத்தொன்றாகத்தான் இருக்க வேண்டும். எட்டுமே ஒத்துப்போனால்? நாற்பத்தொன்று ஒன்றுகூட முளைக்கவில்லை என்று அர்த்தம். அல்லது துறைத் தலைவர் சொன்னது சரி, இரண்டும் ஒன்றே. எந்த விதத்திலும் குழி காலி.

மூன்றரை மணிக்கு, கட்டியான பாயசம் மாதிரி இருக்கும் அந்த ஜெல் பலகையை விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். இருட்டில், ஒவ்வொரு செடியின் டி.என்.ஏ.வுக்கும் ஒன்றாக, கோடுகள் மின்னின. முதல் வரிசை ஐம்பத்தெட்டு. அதன் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை எனக்கும் காட்டினாள். பிறகு, "நீங்க லிஸ்ட்டைப் படிங்க மேடம்," என்றாள். கடைசியிலிருந்து தொடங்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"எட்டு. தெப்பத்துக்கு இடது."

"ஐம்பத்தெட்டு."

"ஏழு. கல்யாண கோஷ்டி, நாதஸ்வரம்."

"ஐம்பத்தெட்டு."

ஆறும் ஐம்பத்தெட்டு. ஐந்து, மறுபடியும் அதுவே. நான் ரயில் வராத நடைமேடையில் அறிவிப்புச் செய்கிறவள் போல வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நாலு. பாம்பாட்டி."

பதில் இல்லை. நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூன்று. வாத்து," என்றேன். அதற்கும் பதில் இல்லை. "இரண்டு. விக்கெட் கீப்பர்."

"அது ஐம்பத்தெட்டு," என்றாள்.

"ஒன்று. செட்டியாருக்கு வலது."

"வந்து பாருங்க மேடம்."

பாம்பாட்டி, வாத்து, செட்டியார். மூன்றின் கோடும் ஒரு விரற்கடை கீழே நின்றது. மூன்றும் ஒரே மட்டத்தில். எனக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். நிவேதா போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். செட்டியார்ப் பக்கத்துச் சரக்கை நாற்பத்தொன்றாம் குழியில் விட்டாள். ஐந்து மணிக்குத் தட்டை மூடியபோது வெளியே இயந்திரங்களுக்குச் சந்தனம் குழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

குறைந்த வெளிச்சத்தில்

தீபாவளி முடிந்த வாரம் முடிவுகள் வந்தன. தொண்ணூற்றைந்தும் கிளை கிளையாகப் பிரிகிற ஒரு மரப்படம். அடர்ந்த ஒரு கொத்தில் ஐம்பத்தெட்டும் அதன் உறவினர்களும், எண்களே படிக்க முடியாதபடி நெருக்கிக்கொண்டு. பெயர் நாலு, பெட்டி ஒன்று. வெகு தூரத்தில், படத்தின் ஓரமாக ஒரு தனிக் கிளை. அதன் நுனியில் நாற்பத்தொன்று.

ஆனால் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத் தலைவர். அவர் பதிவேட்டைக் கேட்டார். மாதிரி எடுத்த இடம் என்ற பத்தியில் மற்ற தொண்ணூற்று நான்குக்கும் ஜன்னல் எண் இருந்தது. இதற்கு மட்டும் என் கையெழுத்தில், 'மயிலாப்பூர், கோமதி வீட்டுக் கொலு, செட்டியார் பொம்மைக்கு வலது, சப்தமி மாலை 6.20' என்று இருந்தது. வேறு மாதிரி எழுதியிருக்கலாமே என்று நிவேதா முந்தைய நாள் என்னிடம் கெஞ்சியிருந்தாள். எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அதில் என்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது.

அவர் படித்தார். மறுபடி படித்தார். எட்டுச் செடிகளின் இடக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். ஜெல்லின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாத்து, பாம்பாட்டி என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். குப்பிகளில் எத்தனை விதை இருந்தது என்று என்னைக் கேட்டார். நாற்பத்தொன்றில் இருபத்திரண்டு, ஐம்பத்தெட்டில் இருபத்தைந்து என்றேன். எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றார். எண்ணினேன் என்றேன்.

"எங்க ஜன்னல்ல வளர்ந்த எதுக்கும் இவ்வளவு விவரம் இல்லையே," என்றார் நிவேதாவிடம். பட்டியலின் அடியில் தன் கையாலேயே நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிய பிறகு, "அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றார். அறிக்கையில் மட்டும், 'வீட்டினுள், குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த நாற்றுகள்' என்று போடச் சொன்னார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதால் நானும் ஆட்சேபிக்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், நிவேதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பண்ணையிலிருந்து போனில் ஒரு படம் வந்திருந்தது. பனி மூட்டத்தில் பெரிய வயல். ஒரு பாத்தியில் நாற்பத்தொன்று என்று எழுதிய குச்சி. பக்கத்தில் கட்டையாக, கரும்பச்சையாக, கெட்டியாக ஒரு வரிசைச் செடிகள். பூத்ததும் ஒட்டுப் போடுவார்களாம். நிவேதா அதை முதலில் காட்ட நினைத்தது எனக்கல்ல. நேராக எதிர் ஃபிளாட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

கோமதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நம்மாத்துல இதைவிட உசரமா வந்ததே," என்றாள்.